அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே?

(கொடைக்கானல் மலையில் உள்ள பேத்துப்பாறையில் ஊர்மக்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவச் செலவு ஏன் இப்படி ஏறுகிறது, காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் ஏன் வருஷா வருஷம் கூடுகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் இல்லை. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் க்ளைம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆஸ்பத்திரி பில்களைப் படிப்பதே என் தொழிலாக இருந்தது. ஆகவே நோயை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் இந்த ஊர்க் கணக்கு. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு வலி. 108க்குப் போன் அடிக்கிறீர்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓடுகிறது. அதற்குக் காசு இல்லை. கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, “கீழே கொண்டு போயிருங்க” என்கிறார்கள். கீழே என்றால் திண்டுக்கல், தேனி, இல்லாவிட்டால் மதுரை. காட் ரோட்டில் இறங்கி வத்தலக்குண்டைத் தொடவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கூடப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களுக்குச் சாப்பாடு, டீ, படுக்க இடம், திரும்பி வர பஸ் காசு. காப்பிப் பழம் பறிக்கும் நாளாக இருந்தால் அத்தனை பேருக்கும் கூலி போச்சு. தோட்டத்தில் ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை; யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். சாதாரண மருத்துவ பாலிசி இதில் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பித் தராது. பாலிசியில் அதற்கு இடமே கிடையாது. இதே மலையில், சாலை இல்லாமல், வெள்ளகவி ஊர் மக்கள் தலைமுறைகளாக நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அந்தத் தோள்வலிக்கு எந்த பில்லிலும் வரி இல்லை.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டியதே உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. பிழைப்பதற்காக மலை ஏறினார்கள். இன்று இந்த மலையில் பிறந்தவர்கள் பிழைப்பதற்காகக் கீழே இறங்குகிறார்கள். நான் இன்று சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் பின்னணி.

இனி நாட்டுக் கணக்கு. மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று 2017–18இல் நடந்தது. பிரசவம் நீங்கலாக ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் ஆகும் மருத்துவச் செலவு, இந்தியக் கிராமங்களில் சராசரியாக, அரசு மருத்துவமனையில் 4,290 ரூபாய். தனியாரில் 27,347 ரூபாய். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லையே, பிறகு 4,290 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கியது, வேலை செய்யாத ஸ்கேனை வெளியே எடுத்தது. தனியாரில் அதைப்போல் ஆறு மடங்கு. இது சராசரி என்பதையும் நினைவில் வையுங்கள். இதய அறுவை, புற்றுநோய் என்றால் இந்த எண் பக்கத்திலேயே வராது.

ஏன் இவ்வளவு?

உங்களில் பலர் பட்டர் ஃப்ரூட் விளைவிக்கிறீர்கள். வியாபாரி வந்து கேட்கிற விலை பிடிக்கவில்லை என்றால், “இல்லைங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று அனுப்ப உங்களால் முடியும். வாங்குகிறவரும் உங்களை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவருக்கு இந்த இரண்டும் கிடையாது. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, அது டாக்டருக்குத்தான் தெரியும். எவ்வளவு என்று பணம் கட்டும் நேரம் வரைக்கும் தெரியாது. வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியாது. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: மருத்துவத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள அறிவு வித்தியாசம் மிகப் பெரியது, நோய் எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லாதது, அதனால் மற்ற சந்தைகளில் விலையைக் கட்டுக்குள் வைக்கும் போட்டி இங்கே வேலை செய்யாது. பொருள் தேவையா இல்லையா என்று முடிவு செய்கிறவரே அதை விற்கவும் செய்கிறார்.

இது ஏட்டுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களைக் கணக்கெடுத்தது. அரசு மருத்துவமனைகளில் நூற்றுக்கு 36 சிசேரியன். தனியாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 64. ஒரே மாநிலம், ஒரே மாதிரிப் பெண்கள். சிக்கலான கேஸ்கள் பலவும் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் அனுப்பப்படுகின்றன. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். வலி வரக் காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை, அறுவைக்குத் தருகிறார்கள். தனி ஒரு டாக்டரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. செய்கிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு என்று ஒரு ஏற்பாடு இருந்தால், செய்வது கூடிக்கொண்டேதான் போகும். தனியார் கல்லூரியில் கோடி ரூபாய் கட்டிப் படித்து, கடன் வாங்கி ஸ்கேன் மிஷின் போட்டவருக்கு, அந்த மிஷின் சும்மா கிடக்கக் கூடாது என்ற நெருக்கடி இருக்கிறது.

இப்போது ஒரு பில்லை உங்கள் முன்னால் விரிக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எந்த நகரத்திலும் பில் இப்படித்தான் இருக்கும். ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டி. வாசலில் முதல் கேள்வி, “இன்ஷூரன்ஸ் இருக்கா?” அடுத்தது, “எவ்வளவுக்கு?” எந்த இடத்தில் அடிபட்டது என்ற கேள்வி மூன்றாவதாக வருகிறது.

பில்லின் முதல் வரி அறை வாடகை. அடுத்து நர்சிங் கட்டணம், டியூட்டி டாக்டர் கட்டணம், எலும்பு மருத்துவர் வந்து பார்த்த கட்டணம், ஒரு நாளைக்கு இத்தனை தடவை. தியேட்டர் வாடகை மணிக்கணக்கில். அறுவை செய்தவருக்கு ஒரு தொகை. மயக்க மருந்து கொடுத்தவருக்கு அந்தத் தொகையில் இத்தனை சதவீதம். அதாவது அறுவைக் கட்டணம் ஏறினால் மயக்க மருந்துக் கட்டணமும் தானாக ஏறும். பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டணங்கள் எல்லாம் அறையைப் பொறுத்து மாறும். அதே டாக்டர், அதே தியேட்டர், அதே கத்தி. ஆனால் நோயாளி ஏசி தனி அறையில் இருந்தால் அறுவைக்கு ஒரு கட்டணம், பொது வார்டில் இருந்தால் வேறு கட்டணம்.

அடுத்து பார்மசி பில், பல பக்கங்கள். ஊசி, சிரிஞ்ச், கையுறை, பஞ்சு, குழாய். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் அச்சடித்த எம்ஆர்பி. சட்டப்படி எம்ஆர்பிக்கு மேல் வாங்கக்கூடாது, வாங்கவும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி அதை வாங்கிய விலை என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடைக்காரரிடம் நாம் விலை குறைந்த பொருளைத் தேடுவோம். ஆஸ்பத்திரிக்கோ எம்ஆர்பி அதிகமாக அச்சடித்த பொருளை வாங்குவதில்தான் லாபம். இடைவெளி முழுவதும் அதற்கு. அதனால் கம்பெனிகள் விலையை ஏற்றி அச்சடிப்பதில் போட்டி போடுகின்றன. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டெல்லிப் பக்கத்துப் பெரிய தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை எடுத்து ஆராய்ந்தது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்ததாக அந்த ஆணையமே சொன்னது. போட்டி விலையைக் குறைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே போட்டியே விலையை ஏற்றுகிறது.

இதற்கு முந்தைய வருஷமே இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் விஷயத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. மருந்து பூசிய ஸ்டென்டை நோயாளிகளுக்குச் சராசரியாக 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அளவில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஆணையம் உச்சவரம்பு போட்டது: மருந்து பூசியதற்கு 29,600, பூசாததற்கு 7,260. ஒரே ராத்திரியில் விலை கால்வாசியாகி விட்டது. அதற்கப்புறமும் ஸ்டென்ட் கிடைக்கத்தான் செய்தது, கம்பெனிகளும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. முக்கால்வாசி விலை எதற்காக இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே வருஷம் ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. ஆனால் என் மேசையில் நான் கண்டது ஒன்று உண்டு: பில்லின் ஒரு வரியை அமுக்கினால் இன்னொரு வரி மேலே வரும். பொருளுக்கு வரம்பு போட்டால் தியேட்டர் வாடகை ஏறும். பில் முழுவதற்கும் ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்து பேரம் பேசாத வரைக்கும் இது நிற்காது.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். நம் நாட்டில் தனிநபர் எடுக்கக்கூடிய மெடிகிளைம் பாலிசி 1986இல் பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக வந்தது. நோக்கம் நல்லது. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைக்கிறார்கள், அதில் இருபது பேருக்கு நோய் வந்தால் அந்தப் பணம் அவர்களைத் தாங்குகிறது. ஆனால் பிரீமியம் என்பது போன வருஷம் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிய பணத்தின் நிழல். பில் ஏறினால் பிரீமியம் ஏறும். பிரீமியம் ஏறினால், “எனக்கென்ன நோய், வேண்டாம்” என்று உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் பாலிசியை விட்டுவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வயதானவர்களும் நோயாளிகளும். அவர்களுக்குச் செலவு அதிகம் என்பதால் அடுத்த வருஷம் பிரீமியம் இன்னும் ஏறும். அதோடு ஏஜெண்ட் கமிஷன், க்ளைமைச் சரிபார்க்கும் டிபிஏ நிறுவனத்தின் கட்டணம், அலுவலகச் செலவு, தனியார் கம்பெனி என்றால் பங்குதாரர் லாபம். வரி 18 சதவீதமாக இருந்தது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அதை நீக்கிவிட்டார்கள். மூத்த குடிமக்களுக்கு ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டும் பிரீமியத்தைத் தொடுகின்றன, பில்லைத் தொடவில்லை.

பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் க்ளைம் மேசைக்கு வந்த சண்டைகளில் பாதி இதனால்தான். 3 லட்ச ரூபாய் பாலிசி. அதில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருக்கிறீர்கள். கூடுதல் 15,000 ரூபாய்தானே, கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். பில் வருகிறது: அறைக்கு 30,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,00,000, மருந்து, பரிசோதனை, உள்ளே வைத்த தகடு 80,000. மொத்தம் 2,10,000. அனுமதித்த வாடகை பாதிதான் என்பதால், டாக்டர், தியேட்டர் வகையறாவிலும் பாதியைத்தான் நிறுவனம் கொடுக்கும். மருந்து, பரிசோதனை, தகடு ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஆணையம் 2020இல் விதி போட்டது. அவை முழுதாகக் கிடைக்கும். ஆக வருவது 15,000, 50,000, 80,000, மொத்தம் 1,45,000. உங்கள் கையிலிருந்து 65,000. கையுறை, முகமூடி போன்றவற்றுக்குக் கழிப்பது தனி. டிஸ்சார்ஜ் அன்று மாலை, நோயாளியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு, இந்தக் கணக்கைக் கேட்டு அழுத பிள்ளைகளை நான் அறிவேன். சேரும்போதே பாலிசியை எடுத்து, வாடகை வரம்பு எவ்வளவு என்று பார்த்து, அந்த அறையைக் கேளுங்கள். க்ளைமை நியாயமில்லாமல் மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்துவிட்டு இவருக்கு மனு எழுதினால் போதும்.

இங்கே இருப்பவர்களில் பலருக்கு இந்தத் தனியார் பாலிசி இல்லை, அரசு அட்டைதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் உயிர்காக்கும் சிகிச்சைத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து பிறகு 1,20,000 ஆனது. 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இரண்டு கட்சி ஆட்சிகளும் இதைக் கைவிடவில்லை என்பது பெரிய விஷயம். இதன் பலம் எதில் இருக்கிறது தெரியுமா? அரசு கோடிக்கணக்கான மக்களுக்காக ஒரே ஆளாக உட்கார்ந்து, இன்ன அறுவைக்கு இவ்வளவுதான் என்று பேக்கேஜ் விலை பேசுகிறது. அந்தப் பாட்டியின் பில்லில் இருந்த நூறு வரிகள் ஒரே வரி ஆகிவிடுகின்றன. அரசு மருத்துவமனையில் அறுவை செய்தாலும் அந்தப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு ஏற்பாட்டில் மிக நல்ல பகுதி இதுதான். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த அட்டை எங்கே செல்லும்? பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் வாங்கும் மாத்திரைக்கு அது கிடையாது. அதற்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருவது பெரிய ஆறுதல். இந்திய அளவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து போடுவது 2013–14இல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்தது, 2021–22இல் 39 ரூபாயாக இறங்கியிருக்கிறது. இறங்கியது உண்மை. அந்த 39இல் பெரும்பகுதி வெளிநோயாளிச் செலவும் மருந்தும். அதை எந்த அட்டையும் தொடுவதில்லை.

காப்பீட்டால் மட்டும் செலவு குறையும் என்றால் அமெரிக்காவில் குறைந்திருக்க வேண்டும். அங்கே 2023இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம் மருத்துவத்துக்குப் போனது. உலகத்தில் வேறு எந்தப் பெரிய நாடும் அவ்வளவு செலவழிப்பதில்லை. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பல் வலிக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது உங்களுக்குத் தெரியும்.

செலவு குறைந்த இடங்கள் உண்டா? உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்தக் கையால்தான் கண் அறுவை செய்தார். அங்கே தியேட்டரில் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு மேசையில் டாக்டர் அறுவை முடிக்கும்போது, அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். நோயாளியைத் தயார்படுத்துவது, கட்டுப் போடுவது, அளவெடுப்பது எல்லாம் நம் கிராமத்துப் பெண்கள், பள்ளிப் படிப்பு முடித்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். டாக்டரின் நேரம்தான் மருத்துவத்தில் விலை கூடிய பொருள். அதில் ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்தது. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாக ஆலை வைத்து, சுமார் பத்து டாலருக்கு அதைச் செய்து காட்டினார்கள். பணம் கட்டுகிறவர் கட்டுகிறார், முடியாதவர் இலவசமாகப் பார்வை பெறுகிறார், மருத்துவமனையும் நஷ்டத்தில் இல்லை. நம் மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரத்தில் 1955இல் டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இன்றைக்கும் நடக்கிறது. காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது.

மருந்து விலைக்கு வருவோம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இந்த மலையில் பல இடங்களில் குடியேறியிருக்கின்றன. பேராசிரியர் சேனக்க பிபிலே என்ற பெயரை அவர்கள் கேட்டிருக்கலாம். 1971இல் இலங்கை அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப் பெயரில், நாடு முழுவதற்கும் மொத்தமாக, டெண்டரில் வாங்கினால் விலை எவ்வளவு விழும் என்று அந்தச் சின்னத் தீவு காட்டியது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தபோது இங்கேயும் அப்படியொரு ஏற்பாடு வந்தது. மூலப் பெயரில் திறந்த டெண்டர். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. ஆய்வுக்கூடத்தில் தேறினால்தான் மருந்து வார்டுக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு மருந்து எடுக்கலாம் என்று ஒரு பாஸ்புக். மாத்திரை அட்டையிலேயே ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதையே பின்பற்றின. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் மாத்திரைக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரை நோவார்டிஸ் கம்பெனி விலையில் அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து மாதம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. காப்புரிமை கேட்ட நோவார்டிஸ் மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1இல் தள்ளுபடி உறுதியானது. அன்றைக்கு வேறு மாதிரித் தீர்ப்பு வந்திருந்தால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அந்த நோயாளிகளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

கடைசியாக, நமக்கு மிக நெருக்கமான உதாரணம். நீலகிரியில் கூடலூர். அதுவும் மலை, அங்கேயும் ஆதிவாசிகள், காப்பி, யானை. பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்காக அஷ்வினி என்ற அமைப்பு அங்கே ஆதிவாசி மருத்துவமனையை நடத்துகிறது. ஊருக்கு ஊர் ஆதிவாசிச் சுகாதாரப் பணியாளர். வார்டில் ஆதிவாசிப் பெண்களே நர்ஸ்கள். நோயாளியோடு அவர்கள் மொழியில் பேசுகிறார்கள். 1992இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கூட்டாக பாலிசி எடுத்தார்கள். என் தொழிலில் நான் பார்த்த காப்பீட்டுத் திட்டங்களில் என் மனசுக்கு மிகப் பிடித்தது இதுதான். காரணம் வரிசை. முதலில் பக்கத்தில் ஒரு மருத்துவமனை வந்தது, அதற்கப்புறம்தான் காப்பீடு. காப்பீட்டுப் பணம் அந்த மலையிலேயே, அவர்கள் மருத்துவமனையிலேயே தங்கியது. அடுத்த வருஷம் நர்ஸ் சம்பளமாயிற்று. இந்தப் பழனி மலையில் நமக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. அட்டை வந்துவிட்டது. அந்த அட்டையின் பணம் நோயாளியோடு காட் ரோட்டில் இறங்கி, மதுரைக்குப் போய், அங்கே இன்னொரு மாடி கட்டுகிறது.

2017இல் மத்திய அரசின் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டின் உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. 2021–22 கணக்கில் அது 1.84. இந்த இடைவெளியில்தான் உங்கள் ராத்திரிப் பயணம் இருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இன்னும் பெரிய தொகைக்கு ஒரு அட்டை இல்லை. மலையிலேயே முடிக்கக்கூடிய சிகிச்சையை மலையிலேயே முடித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கேள்விகளை நேராக வையுங்கள். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் யார், அவர் எங்கே தங்குகிறார்? ரத்தம் எத்தனை யூனிட் இருப்பில் இருக்கிறது? ஸ்கேன் ராத்திரியில் ஓடுமா? நெஞ்சு வலியோடு வருகிறவருக்குக் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு அனுப்புகிறார்களா? அந்த மருத்துவமனை அட்டையில் செய்யும் அறுவைகள் எவை, அதில் வந்த பணத்தில் போன வருஷம் என்ன வாங்கினார்கள்? அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்ஸ்களும் நம் எதிரிகள் இல்லை. ஆள் பற்றாக்குறையில் திண்டாடுகிறவர்கள் அவர்கள்தான். நம் கேள்வி அவர்களுக்கும் பலம்.

தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கும் குடிநீரும் ஒவ்வொரு முறையும் தீர்மானமாகின்றன. இந்தக் கேள்விகளையும் தீர்மானமாகப் போட்டு, எண் வாங்கி, கலெக்டருக்கு அனுப்புங்கள். அட்டை இன்னும் எடுக்காத குடும்பங்கள் இருக்கின்றன. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் கலெக்டர் அலுவலகம் வரை போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்பதால் தள்ளிப்போடுகிறார்கள். அட்டை பதியும் முகாமை இந்த ஊரிலேயே ஒரு நாள் நடத்தச் சொல்லி அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். பளியர் ஆதிவாசிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் வாங்குவதே முதல் தடை என்பதால், கிராம நிர்வாக அலுவலரும் அந்த முகாமுக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள்.

மனுவின் வாசகத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். திருத்த வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். பாலிசியும் பழைய பில்லும் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னால் உள்ள மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தூரத்திலிருந்து வந்தவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வரட்டும்.